தைராய்டுக்குக் கரண்டு வைக்கச் சொன்னார்கள்

1. நோயின் பெயர் சோம்பேறித்தனம்

"இவளுக்கு ஒடம்புல ஒண்ணும் கெடையாதும்மா. ரிப்போட்டெல்லாம் நல்லாத்தான் இருக்காம். வெறும் சோம்பேறித்தனம். அதுக்கு ஏதாச்சும் கரண்டு இருந்தா வச்சு விடுங்க."

கூடலூரிலிருந்து வந்திருந்த திராட்சை விவசாயி ராசாங்கம், தன் மனைவி செல்லத்தாயை என் மேசைக்கு முன்னால் நிறுத்திவிட்டு இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். அப்போது நான் கம்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். எக்ஸ்ரே அறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் மிஞ்சிய இடத்தில் ஒரு திரையைத் தொங்கவிட்டு அதை என் டிபார்ட்மென்ட் என்று சொல்லியிருந்தார்கள். இடுப்புவலிக்கு ஒரு மெஷின், தோள்வலிக்கு ஒரு மெஷின், மெழுகு உருக்கும் தொட்டி, கழுத்தை இழுக்கும் கட்டில், இவ்வளவுதான். நாலரை வருடம் படித்து வாங்கிய என் பட்டம் ஊருக்குள் 'கரண்டு வைக்கிற டாக்டரம்மா' என்று சுருங்கிப் போயிருந்தது. வலிக்குக் கரண்டு கேட்பார்கள், வாதத்துக்குக் கேட்பார்கள். சோம்பேறித்தனத்துக்குக் கேட்டவர் ராசாங்கம் ஒருவர்தான்.

செல்லத்தாய்க்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சித்திரை வெயிலில் கம்பமே வெந்துகொண்டிருக்க, அவள் மேலே ஒரு கம்பளிச் சால்வையைப் போர்த்தியிருந்தாள். முகம் உப்பியிருந்தது. புருவத்தின் ஓரங்கள் உதிர்ந்து போயிருந்தன. தைராய்டுக்கு ஒரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள். ரத்தப் பரிசோதனையில் எல்லா எண்ணும் ஒழுங்காக வந்துவிட்டது. ஆள் மட்டும் ஒழுங்காகவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியின் உரிமையாளரும் அவரே, தலைமை மருத்துவரும் அவரே. ஊர் அவரைப் பெரிய டாக்டர் என்று அழைத்தது. அவர் செல்லத்தாயின் சீட்டில் 'வாக்கிங்' என்று ஒரே ஒரு வார்த்தையை எழுதி என்னிடம் தள்ளிவிட்டிருந்தார். எவ்வளவு, எப்படி, எங்கே என்று எதுவும் கிடையாது. மாத்திரையை இப்படி எழுதியிருந்தால் மருந்துக்கடைக்காரர் சிரித்திருப்பார்.

நான் ராசாங்கத்திடம் கேட்டேன். "அண்ணே, இவுக தோட்டத்துல வேலை பாக்குறாகளா?"

"பாக்காம? விடிஞ்சதுல இருந்து பொழுது சாயிற வரைக்கும் பந்தலுக்குள்ளதான் கெடப்பா. கவாத்து வெட்ட, குலை அறுக்க, பெட்டி கட்ட, எல்லாம் அவதான்."

"பெறகு எப்படிண்ணே சோம்பேறி?"

கொஞ்சம் யோசித்தார். "வீட்டுக்கு வந்தா பொத்துன்னு படுத்துருறாள்ல?"

செல்லத்தாய் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "யக்கா, படுத்தாலும் தூக்கம் வரலக்கா. காலையில எந்திரிச்சா நேத்து வேலை பாத்த அலுப்பு அப்படியே இருக்கு. நான் நடிக்கிறேன்னு எங்க வீட்டுல எல்லாரும் சொல்றாக. நடிக்கக்கூட தெம்பு இல்ல எனக்கு."

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்காக இந்த நோயை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அதுதான். நோயிலிருந்து காக்க வேண்டிய உடம்பின் சொந்தப் படை, கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பியை எதிரி என்று நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வரும். சுரப்பி தர வேண்டியதை மாத்திரை தருகிறது. பலர் அதிலேயே தேறிவிடுவார்கள். சிலருக்கு எண்கள் சரியான பிறகும் களைப்பு போவதில்லை. அந்தச் சிலரை எங்கள் ஊரில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதை ராசாங்கமே சொல்லிவிட்டார்.

2. வியர்வை வியாபாரம்

மறு வாரம் வரச் சொல்லி அனுப்பினேன். அவள் வரவில்லை. ராசாங்கத்தின் தங்கை அவளைத் தேனிக்குக் கூட்டிப் போய்விட்டாள். அங்கே எடை குறைக்கும் நிலையம் ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள். வயிற்றில் பெல்ட்டைக் கட்டி ஆட்டும் மெஷின், சுற்றிலும் கண்ணாடி, ஏசி, நடத்துபவருக்கு ட்ராக் சூட். வருகிறவருக்கு என்ன நோய், என்ன மாத்திரை என்று கேட்கிற வழக்கம் மட்டும் அங்கே இல்லை. செல்லத்தாயை டிரெட்மில்லில் ஏற்றி, முழுதாக ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறார்கள். அவள் மூச்சு வாங்கி நிறுத்தச் சொன்னபோதெல்லாம், "வேர்வை வந்தாத்தான் கொழுப்பு கரையும், ஓடுங்க" என்று பதில் வந்திருக்கிறது. கொழுப்பு கரைந்ததோ இல்லையோ, கொஞ்ச நஞ்சம் இருந்த தெம்பு கரைந்தது. அந்த வாரக் கடைசியில் கூடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கால் மடங்கிப் படிக்கட்டிலேயே விழுந்துவிட்டாள்.

மறுபடி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பெரிய டாக்டர் பார்த்தார். "எக்சர்சைஸ் ஒத்துக்கலைன்னா விட்றும்மா. ரெஸ்ட் எடு" என்றார். போன தடவை நட என்றவர் இந்தத் தடவை நடக்காதே என்றார். இந்த இரண்டு முடிவுகளுக்கும் சேர்த்து அவர் செலவழித்த நேரம், பேனா மூடியைத் திறந்து மூடுகிற நேரம்தான்.

நான் அவர் அறைக்குப் போனேன். "சார், இந்தம்மாவுக்கு ஒரு இசிஜி எடுத்துப் பாத்துருவோம். ரத்தமும் பாக்கணும். அதுக்குப் பெறகு நான் வேற மாதிரி நடக்க வச்சுப் பாக்குறேன்."

"வேற மாதிரின்னா? நடையில என்னம்மா வேற மாதிரி?"

"விட்டு விட்டு, சார். கொஞ்சம் வேகம், கொஞ்சம் மெதுவா. மதுரையில டிரெய்னிங்ல ஹார்ட் பேஷண்டை அப்படித்தான் நடக்க வப்போம். தொடர்ந்து ஓட்டினா ஒடம்பு மறுக்கும். நடுநடுவுல எளைப்பாற விட்டா தாங்கும்."

"ஏம்மா கலாவதி, அவளுக்கு ஹார்ட் நல்லாருக்கு. தைராய்டுக்கு இதெல்லாம் எந்தப் புக்கில போட்டுருக்கு?" என்று சிரித்தார். இருந்தாலும் இசிஜிக்கு எழுதிக் கொடுத்தார். இசிஜி மெஷின் அவருடையது. அது சும்மா கிடப்பதை அவர் விரும்பியதில்லை.

இதயம் நன்றாக இருந்தது. ரத்தம் குறைவாக இருந்தது. அதற்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். தைராய்டு மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் சாப்பிட வேண்டும், காப்பி பிறகுதான், இரும்புச்சத்து மாத்திரை மதியத்துக்கு மேல்தான் என்று செல்லத்தாய்க்கு நான் விளக்கினேன். அதுவரைக்கும் அவளுக்கு யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. சீட்டில் எழுதியிருந்ததாம். ஆங்கிலத்தில்.

3. பஸ்ஸை விட்டுட்டீகளா?

முதலில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்க வைத்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வேகமாக, திரும்பி வரும்போது மெதுவாக. வேகம் எவ்வளவு என்று கேட்டாள். "பேச முடியணும், பாட முடியக்கூடாது. அம்புட்டுத்தான் வேகம்" என்றேன். முதல் நாள் இரண்டு சுற்றிலேயே சுவரைப் பிடித்து நின்றுவிட்டாள். அத்தோடு போதும் என்று அனுப்பினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் பயிற்சி. இடையில் வரும் நாளில் ஓய்வு. இந்த நோய்க்காரிக்கு ஓய்வும் பயிற்சியில் ஒரு பாகம். தேனி ட்ராக் சூட்டுக்கு இது கடைசி வரை புரிந்திருக்காது.

வாரத்துக்கு மூன்று தடவை கூடலூரிலிருந்து கம்பம் வந்து போவது நடக்கிற காரியமா? அவள் ஊரிலேயே நடக்கட்டும் என்று, ஒரு காலையில் நானும் பஸ் ஏறிப் போய் அவளோடு ரோட்டில் நடந்தேன். குமுளிக்கு ஏலக்காய்த் தோட்ட ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும் இடம் அது. பக்கத்திலேயே டீக்கடை. பெஞ்சில் ஆறேழு ஆண்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு வேறு எந்த வேலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

நாங்கள் வேகமாக நடந்தபோது ஒருவர் கேட்டார். "என்ன மயினி, பஸ்ஸ விட்டுட்டீகளா?"

மெதுவாக நடந்தபோது இன்னொருவர் பதில் சொன்னார். "பஸ்ஸு போயிருச்சுப் போல. அதான் வேகத்தக் கொறச்சுட்டாக."

மறுபடியும் வேகமெடுத்தோம். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. "ஏலே, அடுத்த பஸ்ஸு வந்துருச்சுடா!"

தொப்பை சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டிருக்க, வடையைக் கடித்தபடி ஒரு பெண்ணின் நடைக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி ஏதோ சொல்லப் போனேன். செல்லத்தாய் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்கக்கா. இவிங்ககிட்டப் பேசுனா அந்த அலுப்பு வேற சேரும். எங்க பந்தலுக்குள்ள நடப்போம், வாங்க."

அவர்கள் தோட்டத்தில் திராட்சைப் பந்தல் ஆள் உயரத்துக்குக் கல்தூண்களின் மேல் படர்ந்திருந்தது. கல்லுக்கால் என்று சொல்வார்கள். நூல் பிடித்தது போல வரிசை வரிசையாக நிற்கும். உள்ளே நிழல், காலுக்கு மெத்தென்ற மண். வெளியிலிருந்து பார்த்தால் ஆள் நடப்பதே தெரியாது. கடிகாரம் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. நாலு கல்லுக்கால் தூரம் வேகம், நாலு கல்லுக்கால் தூரம் மெதுவாக. உடம்பு தேறத் தேற வேகத்துக்கான கல்லைக் கூட்டினோம். மருந்து அடிக்கிற நாட்களில் மட்டும் பந்தலுக்குள் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

ராசாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. "நாள் பூரா பந்தலுக்குள்ளதான வேலை பாக்குறா. அது பத்தாதாம்மா? வேலை முடிச்சுட்டு மறுபடி அதே பந்தலுக்குள்ள நடந்தா பாக்குறவன் என்ன சொல்லுவான்?"

"வேலை உங்களுக்காகப் பாக்குறாக, அண்ணே. நடை அவுகளுக்காக நடக்குறாக."

அவருக்கு அந்த வித்தியாசம் விளங்கவில்லை. விளங்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

4. சுருளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு

மூன்று மாதத்துக்கு மேல் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள், பெட்டி ஏற்றும் வண்டி வந்தபோது தானே பெட்டியைத் தூக்கி வைத்ததாகச் சொன்னாள். அடுத்து, படுத்ததும் தூங்கியதாகச் சொன்னாள். சால்வை காணாமல் போயிற்று. எடை கொஞ்சம்தான் குறைந்தது. ஆனால் ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு நாள் மாமியார் ஏதோ சொன்னதற்குப் பதில் பேசியிருக்கிறாள். அதைக் குற்றமாக ராசாங்கம் என்னிடம் புகார் சொன்னார். நான் அதை முன்னேற்றம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

எது மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நோய் போகவில்லை. சுரப்பியைத் தாக்கும் அந்தப் படையை நடை கலைத்துவிடவில்லை. மாத்திரையின் அளவு முன்பு இருந்தபடியே இருந்தது. நடை செய்தது ஒன்றே ஒன்று. மாத்திரை எண்களைத் திருத்தியது, நடை ஆளைத் திருத்தியது. இதை நான் செல்லத்தாய்க்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

அவளைப் பார்த்து மற்ற பெண்கள் வந்தார்கள். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவர்கள், கடைக்காரர் வீட்டுப் பெண்கள், ஒரு டீச்சர். எல்லோரும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். எல்லோருக்கும் அவரவர் வீட்டில் சோம்பேறிப் பட்டம் கிடைத்திருந்தது. ஒவ்வொருவருக்கும் இசிஜி பார்த்து, மாத்திரை அளவு நிலைப்பட்ட பிறகுதான் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூடலூர் போய் அவர்களைப் பார்ப்பேன். டீக்கடை பெஞ்சில் ராசாங்கம், "நாந்தான் அவளை நடக்கச் சொன்னேன்" என்று பெருமை பேசிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன். ஆச்சரியப்படவில்லை.

ஒரு ஞாயிறு பந்தலுக்கு வெளியே வெள்ளை கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்து நான் திகைத்துப் போனேன். பெரிய டாக்டரின் மனைவி.

"சுருளி கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார். "எனக்கும் இந்த நோவுதான். ஆறு வருசமாச்சு. அவுககிட்ட அலுப்பா இருக்குன்னு சொன்னா, ரிப்போர்ட்டக் குடுன்னு வாங்கிப் பாப்பாக. நார்மலா இருக்கே, சும்மா இருக்கிறதால வர்ற அலுப்பும்பாக. நான் இங்கன வர்றது அவுகளுக்குத் தெரியக்கூடாது."

கம்பம் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு நாடி பிடித்தவர் வீட்டில், சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நோயாளி இவர். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏலத்தோட்டத்துப் பெண்களுக்குப் பின்னால் கல்லுக்கால் எண்ண ஆரம்பித்தார்.

5. ஓடும் வெள்ளைக்காரி

நல்ல காரியம் ஒன்று நடந்தால் அதற்கு ஒரு போர்டு வைக்க எங்கிருந்தாவது ஒருவர் வந்து சேருவார். எனக்கு அவர் வெளியிலிருந்து வரவில்லை.

"என்னம்மா, கூடலூர்ல கூட்டம் சேக்குறியாமே. நல்ல ஸ்கோப் இருக்கும்மா. தோட்டத்துல எதுக்கு, நம்ம காம்பவுண்டுக்குள்ளயே வச்சுக்கலாம். பேக்கேஜா போட்டுருவோம்" என்றார் பெரிய டாக்டர். எந்தப் புக்கில் போட்டிருக்கிறது என்று கேட்ட அதே வாய்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வாசலிலும் கம்பம் பஸ் ஸ்டாண்டிலும் பெரிய பெரிய ஃப்ளெக்ஸ் போர்டுகள் ஏறின. 'மாத்திரை இல்லா தைராய்டு சிகிச்சை! நவீன இடைவெளி நடைப்பயிற்சி!' பக்கத்தில் கூப்பிய கைகளோடு பெரிய டாக்டர். அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தைராய்டு இருந்ததா என்று தெரியவில்லை.

நான் அவரிடம் போய்ச் சொன்னேன். "சார், மாத்திரை இல்லான்னு போட்டுருக்கு. இது தப்பு. மாத்திரையை நிறுத்தவே கூடாது."

"விளம்பரத்துல அப்படித்தாம்மா போடுவாக. உள்ள வந்தாகன்னா நீ விவரம் சொல்லிக்க."

"நான் இதுல நிக்க மாட்டேன், சார்."

"நிக்காட்டிப் போ." ஒரு ஜிம்மிலிருந்து மாஸ்டர் ஒருவரைக் கூட்டி வந்து மாலை பேட்ச் ஆரம்பித்தார். விசில் ஊதினால் வேகம், மறுபடி ஊதினால் மெதுவாக. விவரம் சொல்வது அந்த மாஸ்டர் வேலை இல்லை. ஆகவே யாரும் சொல்லவில்லை.

6. பானுமதி

பானுமதி கம்பத்தில் பிளவுஸ் தைத்துப் பிழைத்தவள். கணவன் இல்லை. அண்ணன் வீட்டு மாடியில் தையல் மெஷின் போட்டிருந்தாள். மாலை பேட்ச்சில் சேர்ந்தாள் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவளுடைய அண்ணன் அவளைக் கைத்தாங்கலாக என் திரைக்குப் பின்னால் கூட்டி வந்தபோதுதான் முதலில் பார்த்தேன்.

"காலு ரெண்டும் மதமதன்னு இருக்குங்குறா. நரம்புத் தளர்ச்சியாத்தான் இருக்கும்னு சொன்னாக" என்றார் அண்ணன்.

காலைத் தொட்டேன். பூசணிக்காயைத் தொட்டது போல் சில்லென்று இருந்தது. முகம் வீங்கி, கண் பாதிதான் திறந்தது. பெயரைக் கேட்டேன். அவள் "பா... னு... மதி" என்றாள். பாட்டரி தீர்ந்த டேப் ரிக்கார்டரில் பாட்டு இழுக்குமே, அப்படி இருந்தது குரல். நாடியைப் பிடித்தேன். அடுத்த துடிப்பு வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது.

"தைராய்டு மாத்திரை சாப்புடுறீகளாம்மா?"

"நிறுத்... திட்டேன்... க்கா."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

கையைத் தூக்க முடியாமல் தூக்கி வாசல் பக்கம் காட்டினாள். திரைக்கு அப்பால், ஜன்னல் வழியே, போர்டின் பின்பக்கம் தெரிந்தது.

வீல்சேரில் வைத்து நானே தள்ளிக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்கு ஓடினேன். பார்த்த உடனே அவருக்கு விளங்கிவிட்டது. அதையும் சொல்ல வேண்டும். அவர் மோசமான வைத்தியர் இல்லை. நல்ல வைத்தியர் ஒருவர் போர்டு வைக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதுதான் நான் கண்டது. செய்ய வேண்டிய முதலுதவியை எல்லாம் செய்து, ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார். நானும் அண்ணனும் கூடப் போனோம். தேனி தாண்டும்போது அவள் கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவளுடைய அண்ணன் அவள் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார். "நடந்தா சரியாப் போயிரும்னுதானம்மா போனா. அண்ணனுக்கு மாத்திரைச் செலவு வேண்டாம்னுதானம்மா போனா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிழைத்துக்கொண்டாள். பல நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தாள்.

திரும்பி வந்த அன்றே பெரிய டாக்டரிடம் போனேன். "சார், போர்டை எடுத்துருங்க."

"ஏம்மா, நான் எங்க மாத்திரையை நிறுத்தச் சொன்னேன்? 'மாத்திரை இல்லா'ன்னா 'மாத்திரை மட்டும் இல்லா'ன்னு அர்த்தம். அவளாத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா நான் என்ன பண்ண?"

தமிழ் இலக்கணத்துக்கு அவர் ஆற்றிய ஒரே தொண்டு அதுதான்.

"போர்டு இருக்கிற வரைக்கும் நான் வேலைக்கு வர மாட்டேன்" என்றேன்.

"உன் இஷ்டம். கரண்டு வைக்க வேற ஆளா கெடைக்காது?" என்றார்.

7. ரசம்

அந்த ஞாயிறு கூடலூர் போய், பந்தலுக்குள் பெண்களை உட்கார வைத்து, பானுமதிக்கு நடந்ததைச் சொன்னேன். எனக்கு வேலை இல்லை, இனி எப்போது வருவேன் என்று தெரியாது என்றும் சொன்னேன். கேட்டவர்களில் பெரிய டாக்டரின் மனைவியும் இருந்தார். அவருக்கு இந்த விஷயமே தெரியாது. வீட்டில் சொல்லப்படவில்லை. அவர், "அந்தப் புள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் காரில் ஏறிப் போனார்.

என்ன நடந்தது என்பதை இரண்டு நாள் கழித்து அவரே என் வீட்டுக்கு வந்து சொன்னார்.

"மத்தியானம் சாப்புட ஒக்காந்தாக. என் மாத்திரை டப்பாவை எடுத்து அவுக தட்டுக்குப் பக்கத்துல வச்சேன். 'நானும் கூடலூர்ப் பந்தல்ல நடந்துக்கிட்டுத்தான் இருக்கேன், தெம்பாத்தான் இருக்கேன். இன்னையில இருந்து மாத்திரையை நிறுத்திறட்டுமா?'ன்னு கேட்டேன்."

"சார் என்ன சொன்னாக?"

"'கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?'ன்னு கத்துனாக. 'அப்ப போர்டுல போட்டுருக்கிறது யாரு வீட்டுப் பொம்பளைக்கு?'ன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"ரசம் ஊத்தச் சொன்னாக."

அவர் வந்து சொன்னதற்கு மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் போர்டு இல்லை. பஸ் ஸ்டாண்டிலும் இல்லை. வேலைக்கு வரச் சொல்லி எனக்கு ஆள் வந்தது. வராந்தாவில் எதிர்ப்பட்ட பெரிய டாக்டர், "போர்டு காத்துல கிழிஞ்சுபோச்சும்மா" என்றார். அந்த வாரம் கம்பத்தில் வேப்பிலை கூட அசையவில்லை. ஆடி மாதக் காற்றுக்கு இன்னும் வெகுநாள் இருந்தது. ஒரு தையல்காரி மூச்சுக்குப் போராடியபோது இறங்காத போர்டு, சொந்த வீட்டு மாத்திரை டப்பாவுக்கு இறங்கியது. இறங்கியதே போதும் என்று நினைக்கும் அளவுக்குப் பெருந்தன்மை எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

பானுமதி தேறி வந்தாள். மாத்திரை அளவு நிலைப்படும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வைத்து, பிறகுதான் நடக்க விட்டேன். இன்று தன் தையல் மெஷினுக்குத் தானே மாடியேறிப் போகிறாள்.

போர்டு இறங்கினாலும் அதில் இருந்த வார்த்தை இறங்கவில்லை. அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த எல்லா வருடங்களிலும், தேனியிலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் பெண்கள் வந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "யக்கா, மாத்திரை இல்லாம நடந்தே தைராய்ட்டச் சரி பண்ணுவீகளாமே?" ஒவ்வொருத்திக்கும் உட்கார வைத்துப் பானுமதி கதையைச் சொன்னேன். வாய் வலிக்கச் சொன்னேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். விட்டு விட்டு நடக்கும் நடை நல்லது. அதை மாத்திரையின் பக்கத்தில் வையுங்கள், மாத்திரையின் இடத்தில் வைக்காதீர்கள். அலுப்பாக இருக்கிறது என்று ஒரு பெண் உங்கள் முன்னால் சொன்னால், ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் முகத்தைப் பாருங்கள். சொல்வது உண்மை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களாவது. ஏனென்றால் உங்களிடம் வந்து சேர்வதற்குள், அவள் அதை நம்பாதவர்களிடமெல்லாம் சொல்லி முடித்திருப்பாள்.